தலைக்குள் ஒரு புடைப்பு

எம் பாடசாலை ஆசிரியர் ஒருவருக்குப் பாடவேளையில் இடி விழுந்தாற்போன்ற தலைவலி கண்டது. தைலம் பூசிப் படுத்தவர் மறுநாள் எழுந்திலர். மூளைநாடியின் சுவர் நலிந்து, கொப்புளம்போற் புடைத்து, வெடித்துவிட்டதென வைத்தியர் கூறினர்.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. 1937ஆம் ஆண்டு அமெரிக்காவின் போல்ரிமோர் நகரில் வால்ற்றர் டான்டி என்னும் சத்திரவைத்தியர், மண்டையோட்டைத் திறந்து, அத்தகைய புடைப்பின் கழுத்தை வெள்ளிக் கவ்வியால் இறுக்கி அடைத்தார். 1990இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் குலியெல்மி முதலானோர், தொடைநாடி வழியே மென்குழாய் செலுத்தி, பிளாற்றினச் சுருளாற் புடைப்பை நிரப்பினர். மண்டையோட்டைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

எனினும், வெடித்த புடைப்பு மீண்டும் வெடிக்கும் அபாயம் முதல்நாளிலேயே மிகுதி. ஆதலின், என்றுமில்லாக் கடுந்தலைவலி திடீரெனத் தோன்றின், தைலத்தைத் தேடாது வைத்தியசாலையை நாடுங்கள்.