சுத்திச் சுத்தி வந்தா போரா?

சடையங்குப்பத்துல இருந்து பேசுறேன். "இடது பக்கமாவே சுத்துற ஓவல் ரேஸ்ல என்னப்பா இருக்கு?" இது நண்பர்கள் அடிக்கடி கேக்குற கேள்வி. நம்ம நரேன் கார்த்திகேயன் ஓட்டின ரெண்டு ரேஸை வச்சே பதில் சொல்றேன்.

முதல்ல 2005 ஜூன், இண்டியானாபொலிஸ், ஃபார்முலா ஒன். மொத்தம் 13 திருப்பம். கடைசித் திருப்பம் மட்டும் அங்க இருக்கிற ஓவலோட சரிவான வளைவு. அந்த வேகத்துல வர்ற அழுத்தத்தை மிச்செலின் டயர் தாங்கல. ரேஸ் தொடங்குறதுக்கு முன்னாடியே 14 கார் விலகிடுச்சு. மிச்சம் ஆறே கார். நரேன் நாலாவது. ஃபார்முலா ஒன்ல பாயின்ட் எடுத்த முதல் இந்தியர்! பெருமைதான். ஆனா ரேஸ் செம போர். கூட்டமே கூச்சல் போட்டுச்சு.

அடுத்து 2010, மார்ட்டின்ஸ்வில், நாஸ்கார் டிரக் ரேஸ். டிரக்னா மணலி ரோட்டுல போற கன்டெய்னர் லாரி இல்ல, பிக்கப் உருவத்துல இருக்கிற ரேஸ் வண்டி. ஒரு சுத்து ஒரு கிலோமீட்டர்கூட இல்ல. அப்படி 250 சுத்து! ஒவ்வொரு முனையிலயும் பிரேக்கை மிதிக்கணும். ஆரம்பத்துலயே பிரேக்கைத் தேய்ச்சுட்டா கடைசியில வண்டி நிக்காது. முன்னாடியும் பின்னாடியும் பம்பர் உரசும். நரேன் 13ஆவதா முடிச்சார். அந்த சீசன்ல ரசிகர்களோட ஓட்டுல மிகப் பிரபலமான டிரைவரும் அவர்தான்.

ஆக, விறுவிறுப்பு திருப்பத்தோட எண்ணிக்கையில இல்ல, துரத்த ஆள் இருக்கிறதுல இருக்கு. அடுத்த தடவை ஓவல் ரேஸ் பாக்குறப்போ முதல்ல போறவரை விடுங்க. பத்தாவதா வர்ற வண்டியை மட்டும் கவனிங்க. போர் அடிச்சா வந்து சொல்லுங்க!