மறைமலை நகரில் மூடிய கதவு

(காஞ்சியில் நடந்த திங்கட் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பட்டைப் பற்றிப் பேசவேண்டிய ஊரில் மகிழுந்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இது பொருந்துமா என்று நீங்கள் எண்ணலாம். வைகறையில் பிள்ளையார்பாளையத் தெருமுனைகளில் நின்று பாருங்கள். தறிக்குழியில் அமர வேண்டிய கால்கள் ஆலைப் பேருந்தின் படிகளில் ஏறிக்கொண்டிருக்கின்றன. திருப்பெரும்புதூருக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் ஒரகடத்துக்கும் நம் பிள்ளைகள் போகிறார்கள். ஆகவே அவ்வாலைகளின் வாழ்வும் சாவும் இவ்வூர் அடுப்புகளைத் தொடும் செய்தி.

மறைமலை நகர் என்றொரு பேரூர் சென்னைக்குத் தெற்கே பெருஞ்சாலையில் உள்ளது. 2019-இல் செங்கற்பட்டு தனி மாவட்டமாகப் பிரியும்வரை அது நம் காஞ்சி மாவட்டத்தைச் சேர்ந்ததே. 1916-இல் வேதாசலம் என்னும் தம் பெயரையே களைந்து மறைமலை என்று நின்ற அடிகளாரின் பெயரைத் தாங்கிய ஊர் அது. அவ்வூரில்தான் அமெரிக்கப் போர்டு குழுமம் தன் ஆலையை நிறுவிற்று. 1999-இல் ஐகான் என்னும் உந்து அங்கிருந்து வெளிவந்தது. ஆண்டொன்றுக்கு 2 இலக்கம் உந்துகளும் 3 இலக்கத்து 40 ஆயிரம் பொறிகளும் செய்யும் ஆற்றல் அதற்கு இருந்தது. தனித்தமிழ் இயக்கத் தந்தையின் பெயர் கொண்ட ஊரில் செய்த உந்து கடல் கடந்து அயல்நாடுகளுக்குச் சென்றது என்று நம்மவர் சிலர் பெருமை பேசியதும் உண்டு. பெயர்ப்பலகை ஊருக்கு உரியதாக இருந்தது. ஆலைக்குள் ஒரு தாளாவது தமிழில் இருந்ததா என்று அன்று நாம் கேட்கவில்லை.

2021 செபுதம்பர் 9-ஆம் நாள், இந்தியாவில் உந்து செய்வதை நிறுத்தப்போவதாகப் போர்டு அறிவித்தது. பத்தாண்டுகளில் 200 கோடி தாலருக்கு மேல் இழப்பு என்று கணக்குக் காட்டிற்று. ஏறத்தாழ 4,000 பேர் வேலை இழப்பர் என்றது. அதே ஆண்டின் தொடக்கத்தில் பிரேசில் நாட்டிலும் அது தன் ஆலைகளை மூடியிருந்தது. 2022 சூன் திங்களில் மறைமலை நகர்த் தொழிலாளர் இழப்பீடு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். சூலையில் இறுதி உந்து வெளிவந்தது. கதவு மூடிற்று.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். மின்னுந்து வந்ததால்தான் போர்டு போயிற்று என்று மேடையில் முழங்குவது எளிது. ஆனால் அது பிழை. மாருதியும் உண்டாயும் பெரும்பகுதியைக் கைப்பற்றியிருந்த சந்தையில் சிற்றுந்து செய்து ஈட்டம் காணும் வழி அதற்குத் தெரியவில்லை. மகிந்திரா குழுமத்தோடு கூடித் தொழில் செய்யும் முயற்சியும் 2020-ஆம் ஆண்டோடு முறிந்தது. மின்னுந்தின் பங்கு அதற்குப் பிறகு வருகிறது. அதுதான் கூடுதல் துயரம். மூடும் ஆலையிலேயே ஏற்றுமதிக்கென மின்னுந்து செய்வதை எண்ணிப் பார்ப்பதாகப் போர்டு சொல்லிற்று. அச்சொல்லைப் பிடித்துக்கொண்டு தொழிலாளர் எத்தனையோ பேர் காத்திருந்தனர். 2022 மே திங்களில் அவ்வெண்ணத்தையும் கைவிட்டதாக அறிவித்துவிட்டது. குசராத்தின் சனந்து ஆலையோ வேறு வழியில் பிழைத்தது. டாட்டாவின் மின்னுந்துக் குழுமம் 725 கோடியே 70 இலக்கம் உருபாவுக்கு அதை வாங்கி, 2023 சனவரியில் பொறுப்பேற்றது. அங்கிருந்த தொழிலாளர்க்கும் வேலை தந்தது. மறைமலை நகருக்கு அப்படி ஒருவரும் வரவில்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் நேர்ந்ததன்று. செருமனியின் வோக்சுவேகன் 2030-க்குள் 35,000 வேலைகளைக் குறைக்கத் தொழிற்சங்கத்தோடு 2024 திசம்பரில் உடன்பாடு கண்டது. அதன் கிளையான ஔடி, பிரசல்சு ஆலையை 2025 பிப்பிரவரி இறுதியில் மூடிற்று. ஏறத்தாழ 3,000 பேர் வெளியேறினர். அங்கே செய்ததே மின்னுந்துதான் என்பதை நோக்குக! சப்பானின் நிசான் 20,000 வேலைகளை வெட்டவும், 17 ஆலைகளைப் பத்தாகக் குறைக்கவும் 2025 மே திங்களில் முடிவு செய்தது. நம் ஒரகடத்து ஆலையில் அதற்கிருந்த 51 விழுக்காட்டுப் பங்கும் அவ்வாண்டிலேயே ரெனோவுக்குக் கைமாறிற்று. இத்தனை பெரிய குழுமங்களை ஆட்டுவிப்பது யார்? 1995-இல் மின்கலம் செய்யத் தொடங்கிய பி.ஒய்.டி. என்னும் சீனக் குழுமம், 2024-இல் 42 இலக்கத்துக்கு மேற்பட்ட உந்துகளை விற்றது. 2025-இல் முழு மின்னுந்து விற்பனையில் டெசுலாவையும் விஞ்சிற்று.

கரணியம் யாது? பழைய உந்தின் உயிர் பொறியில் இருந்தது. உருளை, உந்துதண்டு, ஓரதர், பல்லிணைப் பெட்டி, புகைபோக்கி என நுணுக்கமான உறுப்புகள் நூற்றுக்கணக்கில் சேர்ந்து கன்னெய்யை எரித்து ஓட்டின. அவற்றைச் செய்வதில் நூறாண்டுப் பட்டறிவு பெற்றவரே முதலாளிகளாய் இருந்தனர். மின்னுந்தில் அவை இல்லை. மின்கலமும் மின்னோடியும் ஆளும் மின்சுற்றுகளுமே உண்டு. உந்தின் விலையில் பெரும்பங்கு மின்கலத்திலேயே அடங்கிவிடுகிறது. மின்கலம் யார் கையிலோ, விலை அவர் கையில். மின்னோடிக்கு வேண்டிய அருமண் காந்தங்களையும் பெரும்பாலும் சீனமே செய்கிறது. 2025 ஏப்பிரலில் அது ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது உலகெங்கும் உந்தாலைகள் தடுமாறின. அருமண் தனிமங்களைத் தாங்கிய மணல் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையிலேயே கிடக்கிறது. மண் இங்கே, காந்தம் ஆக்கும் அறிவோ வேறெங்கோ!

இனி நம்மைப் பற்றியும் கொஞ்சம் கடுமையாகப் பேசவேண்டும். உங்களுக்கு வருத்தம் வரலாம், பொறுத்தருள்க. நம் இயக்கத்தார் உந்துறுப்புகளுக்குத் தமிழ்ச்சொல் ஆக்கினோம். வால்வுக்கு ஓரதர் என்றும், கியருக்குப் பல்லிணை என்றும் வகுத்து அகரமுதலியில் சேர்த்தோம். அச்சொற்கள் ஆலைத் தளத்துக்குள் நுழையுமுன்பே ஓரதரே இல்லாத உந்து வந்துவிட்டது! அயலான் செய்த பொருளுக்குப் பின்னே ஓடிப் பெயர் வைப்பதையே தமிழ்த்தொண்டு என்று எண்ணியிருந்தோம் அல்லமோ?

நெசவாளன் நிலை அப்படியன்று. பாவு, ஊடை, அச்சு, விழுது, நாடா, மிதி என்று தன் தறியின் உறுப்புகளை எல்லாம் அவன் தன் மொழியில் அறிவான். கரையையும் உடலையும் வேறு வேறு நிறத்தில் நெய்து இணைக்கும் கோர்வையில் நூல் ஒன்று பிசகினால் எங்கே பிசகிற்று என்று உடனிருந்து நாடா தள்ளும் சிறுவனுக்கும் தெரியும். முதலாளி ஓடிப்போனாலும் தறியும் தொழிலும் அவன் கையிலேயே நிற்கும். இதனால் நெசவாளன் செழித்து வாழ்கிறான் என்று நான் சொல்லவில்லை. நூல் கருநாடகத்திலிருந்து வருகிறது, சரிகை சூரத்திலிருந்து வருகிறது, விசைத்தறிப் போலிகள் காஞ்சிப் பட்டென்ற பெயரிலேயே விற்கின்றன. வயிறு நிறைந்திருந்தால் அவன் மகன் ஆலைப் பேருந்தில் ஏறுவானா? எனினும் அறிவு அவனிடம் இருக்கிறது. ஆலையில் பதினைந்து ஆண்டு உழைத்தவனிடம் அப்படி ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்த நெசவாளர் மகன் ஒருவன். பெருஞ்சாலையோரத்து ஆலை ஒன்றில் ஒரே இடத்தில் நின்று ஒரே திருகாணியைப் பல்லாண்டு முடுக்கியவன். ஆலை ஆட்குறைப்புச் செய்தபோது ஒரு தாளை நீட்டிக் கையெழுத்திடச் சொன்னார்கள். பதினோரு பக்கம், அத்தனையும் ஆங்கிலம். எட்டாம் பக்கத்தில் இருந்த வரி, இனி எவ்வகை உரிமையும் கோரமாட்டேன் என்பது. அது அவனுக்குத் தெரிந்தது மூன்று கிழமை கழித்துத்தான். என்னிடம் வந்து, “ஐயா, இதைக் கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள்” என்றான். படித்துச் சொன்னேன். அவன் அத்தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் எழுந்து போனான். அன்றிரவு எனக்கு உறக்கமில்லை.

செருமானியனும் சப்பானியனும் கொரியனும் சீனனும் பொறியியலைத் தத்தம் தாய்மொழியில் கற்கிறான். ஆதலால் தொழில் மாறும்போது அவன் தொழிலோடு மாற முடிகிறது. நம் அண்ணா பல்கலைக்கழகம் குடிசார் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழில் கற்பிக்கத் தொடங்கியது 2010-இல்தான். அதையும் 2023 மே திங்களில் 11 உறுப்புக் கல்லூரிகளில் நிறுத்துவதாக அறிவித்தனர். எதிர்ப்புக் கிளம்பிய பின்னரே பின்வாங்கினர். தமிழில் படித்தால் வேலை கிடைக்காது என்கின்றனர். ஆங்கிலத் தாளில் கையெழுத்திட்டவனுக்கு வேலை நிலைத்ததா என்று அவர்களைக் கேளுங்கள்.

மூடிய கதவு மீண்டும் திறக்கப்போவதாகச் சொல்கிறார்கள். ஏற்றுமதிக்கு ஆலையைப் பயன்படுத்த விரும்புவதாக 2024 செபுதம்பரில் போர்டு தமிழக அரசுக்கு மடல் தந்தது. 2025 அக்குதோபர் இறுதியில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 3,250 கோடி உருபா முதலீடு, ஆண்டுக்கு 2 இலக்கத்து 35 ஆயிரம் பொறிகள், 2029-இல் தொடக்கம், 600 பேருக்கு வேலை. செய்யப்போவது மின்னோடி அன்று, பொறி! அதே போர்டு 2025 திசம்பரில் தன் மின்னுந்துத் திட்டங்களைச் சுருக்கி 1,950 கோடி தாலரை இழப்பாக எழுதிற்று. இன்று பொறி என்பார். நாளை மின்கலம் என்பார். மறுநாள் கதவைச் சாத்துவார். வேலை வரட்டும், அதை நான் தடுக்கவில்லை. ஆனால் அந்த 600 பேரின் பணியமர்த்தத் தாளும், பணிநீக்கத் தாளும், பொறியை இயக்கும் குறிப்பேடும் தமிழில் இருக்கவேண்டும் என்று உடன்படிக்கையில் ஒரு வரி சேர்க்கக் கூடாதா? நிலம் நம்முடையது, நீர் நம்முடையது. கேட்பதற்கு நமக்கென்ன கூச்சம்?

இக்கூட்டத்தின் வாயிலாகத் தொழில்துறை அமைச்சருக்கு இதைக் கோரிக்கையாக அனுப்ப வேண்டுகிறேன். அடுத்த திங்கட் கூட்டத்துக்கு ஆலைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். மின்கலத்துக்குள் என்ன இருக்கிறது, மின்னோடியை எப்படிப் பிரித்துப் பூட்டுகிறார்கள், கையில் எடுக்கும் கருவியைத் தங்களுக்குள் என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதிக்கொள்வோம். அகரமுதலியோடு புலவர்கள் பின்வரிசையில் அமரட்டும். பிள்ளைகள் இரவு வேலை முடித்து வருவார்களாதலால் கூட்டம் காலை பத்து மணிக்கு வேண்டாம், மாலை நான்கு மணிக்கு வைப்போம்.