இடிக்காமல் விட்ட இரும்பாலை



ஆலை ஒன்றை மூடினால் வழக்கமாக என்ன நடக்கும்? இயந்திரங்கள் பழைய இரும்புக்குப் போகும். கட்டடம் தரைமட்டமாகும். மண்ணில் ஊறிய நஞ்சை லாரியில் ஏற்றி, கேட்பாரற்ற வேறோர் ஊரில் கொட்டிவிடுவார்கள்.

ஜெர்மனியின் டூயிஸ்பர்க் நகரில் மைடரிக் என்றொரு பகுதி. அங்கிருந்த தைசன் இரும்பாலை 1985-ல் நின்றது. இடித்துவிடலாம் என்ற பேச்சு வந்ததும், ஊர்மக்கள் கூடிக் கூடாது என்றார்கள். தலைமுறைகளாக உழைத்த இடமாயிற்றே! பிறகு அந்த இடத்தைப் பூங்காவாக்கப் போட்டி வைத்துப் பீட்டர் லாட்ஸ் என்ற நிலவடிவமைப்பாளரின் திட்டத்தைத் தேர்ந்தார்கள். 1994-ல் பூங்கா திறந்தது. பரப்பு ஏறத்தாழ 180 ஹெக்டேர்.

துருப்பிடித்த ஊதுலைகள் இன்றும் அங்கே நிற்கின்றன. ஐந்தாம் உலையில் படியேறினால் சுமார் 70 மீட்டர் உயரத்திலிருந்து ஊரைப் பார்க்கலாம். வாயு சேமித்த தொட்டியில் நீர் நிரப்பி, முக்குளிக்கப் பழகுகிறார்கள். தாது கொட்டிவைத்த கான்கிரீட் சுவர்களில் பாறையேற்றம் நடக்கிறது. வார்ப்புப் படுகையில் கிடந்த 49 இரும்புத் தகடுகளைப் பரப்பி ஒரு சதுக்கமே அமைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தகடும் ஏழு டன்னுக்குக் குறையாது. உருகிய இரும்பு ஓடி ஓடி அரித்த தடங்கள் அவற்றின்மேல் அப்படியே இருக்கின்றன.

இவையெல்லாம் கண்ணுக்கு விருந்துதான். ஆனால் என்னை மிகவும் கவர்ந்தது, அந்த மண்ணை அவர்கள் கையாண்ட விதம். கடுமையாகக் கெட்டிருந்த மண்ணை அங்கேயே பழைய தாதுக் கிடங்குகளுக்குள் இட்டு மூடி, மேலே தோட்டம் போட்டார்கள். ஓரளவே கெட்ட மண்ணைக் கிளறாமல் செடிகொடிகளிடம் விட்டுவிட்டார்கள். கடல்கடந்து வந்த தாதுவோடு ஒட்டிவந்த விதைகள்கூட அங்கே முளைத்திருக்கின்றன. அவற்றையும் யாரும் களையென்று பிடுங்கவில்லை. தன் குப்பையை அடுத்தவர் வாசலில் கொட்டாத இந்த நேர்மையை நம் நகரங்களும் பழகவேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

தண்ணீருக்கும் இதே கவனம்தான். ஆலை வழியே ஓடிய பழைய எம்ஷர் ஆறு, பல்லாண்டுகள் திறந்த சாக்கடையாகக் கிடந்தது. இப்போது கழிவுநீர் பூமிக்கடியில் குழாயில் போகிறது. மேலே உள்ள வாய்க்காலுக்குக் கூரைகளில் விழும் மழைநீரைப் பழைய குழாய்கள் வழியாகவே கொண்டுவருகிறார்கள்.

பூங்காவுக்கு நுழைவுக்கட்டணம் கிடையாது. இரவிலும் போகலாம்.