காலம் தவறிய சொல்: நிகழ்நேரத் தகவல் தொடர்பும் அதன் நெறிமுறைகளும்

கடிதமும் மணியார்டரும் இரண்டு நாள் பிந்தி வந்தாலும் பயன் கெடுவதில்லை. வழியில் தொலைந்துவிடக் கூடாது, அவ்வளவே. இருவரின் உரையாடல் வேறு வகையானது. பேச்சின் நடுவே ஓர் அசை காணாமற்போனால், கேட்பவரின் செவியும் அறிவும் சேர்ந்து அதை இட்டு நிரப்பிக்கொள்ளும். அதே அசை இரண்டு விநாடி கழித்து வந்து சேர்ந்தாலோ உரையாடலே குழம்பிவிடும். கணிப்பொறி வலையமைப்புகளில் நிகழ்நேரத் தகவல் தொடர்பு என்று தனியே ஒரு துறை தோன்றியதற்கு இந்த வேறுபாடே அடிப்படை.

அமெரிக்காவில் விண்டன் செர்ஃப், ராபர்ட் கான் ஆகியோர் 1974-இல் வகுத்து வெளியிட்ட டி.சி.பி. நெறிமுறை, தகவலைச் சிறு பொட்டலங்களாகப் பிரித்து அனுப்புவது. ஒவ்வொன்றும் சேர்ந்ததற்கு ஒப்புதல் வர வேண்டும். வராவிடில் மீண்டும் அனுப்பப்படும். அது வந்து சேரும்வரை பின்னால் வந்த பொட்டலங்கள் காத்திருக்கும். கோப்புகளுக்கும் வங்கிக் கணக்குகளுக்கும் இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை. ஆனால் அதே 1974-இல் ஆர்ப்பாநெட் வலையமைப்பின் வழியே மனிதக் குரலை அனுப்பிப் பார்த்த ஆய்வாளர்களுக்கு இந்தப் பொறுப்புணர்ச்சியே இடையூறாக இருந்தது. தொலைந்த ஒரு துணுக்கிற்காக முழுப் பேச்சும் நின்றது. 1978-இல் டி.சி.பி.யிலிருந்து ஐ.பி. என்னும் அடித்தளம் தனியே பிரிக்கப்பட்டது. அதற்கு அவர்களுடைய வற்புறுத்தலும் ஒரு காரணமாகும். 1980-இல் யு.டி.பி. என்னும் எளிய நெறிமுறை வெளிவந்தது. அது ஒப்புதல் கேட்பதில்லை. இழந்ததை மீண்டும் அனுப்புவதுமில்லை. பதிவுத் தபாலோடு ஒப்பிட்டால் இது சாதாரண அஞ்சலட்டை.

அஞ்சலட்டைகள் வரிசை மாறி வந்தால் என்ன செய்வது? 1996-இல் வரையறுக்கப்பட்ட ஆர்.டி.பி. நெறிமுறை இதற்கு விடை தந்தது. ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் ஒரு வரிசை எண்ணும் ஒரு கால முத்திரையும் இடப்படுகின்றன. பேச்சு பெரும்பாலும் 20 மில்லி விநாடித் துண்டுகளாக, அதாவது விநாடிக்கு 50 பொட்டலங்களாகச் செல்கிறது. பெறும் கணிப்பொறி அவற்றைச் சற்று நேரம் தேக்கிவைத்து, வரிசைப்படுத்தி, ஒரே சீராக ஒலிக்கச் செய்கிறது. தேக்கம் சிறிதானால் பேச்சு வெட்டுப்படும். பெரிதானால் தாமதம் கூடும். இந்த இரண்டுக்கும் இடையே நொடிதோறும் சமரசம் செய்வதே நிகழ்நேர மென்பொருளின் முக்கிய வேலை.

வேடிக்கையான விவரம் ஒன்றும் உண்டு. விநாடிக்கு 8,000 பிட் அளவுக்குச் சுருக்கப்பட்ட பேச்சில் 20 மில்லி விநாடித் துண்டின் அளவு 20 பைட். அதன்மேல் ஏறும் மூன்று நெறிமுறைகளின் தலைப்புகளோ 40 பைட். கடிதத்தைவிட உறை இருமடங்கு கனம்!

அந்தமான் தரும் பாடம்

தாமதத்தின் எல்லை எது? ஒருவழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பெரும்பாலான உரையாடல்களுக்குக் குறையில்லை என்றும், 400 மில்லி விநாடியைத் தாண்டும்படி வலையமைப்பைத் திட்டமிடலாகாது என்றும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைக்கிறது. புவிநிலைச் செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. ஒளியின் வேகத்தில் மேலேறி இறங்கவே சுமார் 240 மில்லி விநாடி ஆகும். இதைக் குறைக்க எந்தப் பொறியாளராலும் இயலாது.

அந்தமான் நிக்கோபார் தீவுகள் நெடுங்காலம் செயற்கைக்கோளையே நம்பியிருந்தன. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2001-இல் தொடங்கிய தொலைமருத்துவ முயற்சியில், போர்ட் பிளேர் மருத்துவமனை சென்னையிலுள்ள ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையுடன் இணைக்கப்பட்டது. தீவுவாசிகளுக்கு அது பெரும் உதவி என்பதில் ஐயமில்லை. எனினும் அத்தகைய இணைப்பில் மருத்துவர் "வலி எங்கே?" என்று கேட்டால், நோயாளி உடனே விடை சொன்னாலும் அது திரும்பி வர அரை விநாடி ஆகிறது. விடை வரவில்லை என்றெண்ணி மருத்துவர் மீண்டும் கேட்பார். இரு குரல்களும் மோதும். இதைவிடக் கவலைக்குரியது மற்றொன்று. நோயாளியின் தயக்கம் மருத்துவருக்கு ஓர் அறிகுறி. இயந்திரத்தின் தாமதம் மனிதரின் தயக்கமாகத் தோன்றும்போது அந்த அறிகுறி பொய்த்துவிடுகிறது.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையையும் அந்தமானையும் இணைக்கும் கடலடிக் கண்ணாடி இழை வடம் தொடங்கிவைக்கப்பட்டது. அதன் மொத்த நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும்; ஆகவே முழு நீளத்தையும் கடந்தாலும் 12 மில்லி விநாடிக்கு மேல் ஆகாது. கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குச் செல்லும் வடம் 2024 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்டது. இவ்வடங்களைப் பற்றிய செய்திகள் வேகத்தையே, அதாவது விநாடிக்கு இத்தனை கிகாபிட் என்பதையே, பெரிதும் பேசின. குறைந்த தாமதம்தான் பெரிய லாபம் என்பது போதிய அளவு பேசப்படவில்லை.

அலுவலகங்கள் இணைப்பு வாங்கும்போதும் இதே குறை காணப்படுகிறது. ஒப்பந்தப் புள்ளியில் மெகாபிட் கணக்கு இருக்கும். தாமதம், அதன் ஏற்ற இறக்கம், பொட்டல இழப்பு ஆகியவை பற்றி ஒரு வரியும் இராது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2024-இல் வெளியிட்ட சேவைத் தர விதிமுறைகள் இவற்றையும் அளவுகோல்களாகக் கொண்டுள்ளன. மாவட்ட அளவில் கொள்முதல் செய்வோர் அதே அளவுகோல்களைத் தம் ஒப்பந்தங்களிலும் எழுதிக்கொள்ளலாம். அதற்குத் தனிச் செலவு எதுவுமில்லை.

மருத்துவத்தில் எல்லாமே நிகழ்நேரமாக இருக்க வேண்டியதில்லை. எக்ஸ்ரே படமும் இதயத் துடிப்பு வரைபடமும் ஒரு பிட் கூடக் குறையாமல் சேர வேண்டியவை. அரை மணி பிந்தினாலும் பல வேளைகளில் பாதகமில்லை. அவற்றை டி.சி.பி. வழியே முன்கூட்டி அனுப்பிவிட்டு, உரையாடலுக்கு மட்டும் ஆர்.டி.பி.யைப் பயன்படுத்துவது முறை. 2019 நவம்பரில் தொடங்கிய இ-சஞ்சீவனி போன்ற சேவைகளை நடத்துவோர், நலிந்த இணைப்புள்ள இடங்களில் முதலில் படத்தைக் கைவிட்டுக் குரலைக் காக்க வேண்டும். 2020 மார்ச்சில் வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் குரல்வழி ஆலோசனையையும் ஏற்றுக்கொள்கின்றன. எந்த நிலையில் அது போதாது, நோயாளியை நேரில் வரச் சொல்ல வேண்டும் என்பதை முடிவு செய்யும் பொறுப்பு மருத்துவருடையது.