வாடகையைக் கூட்டவும் ஒரு முறை உண்டு



"தம்பி, மோட்கேஜ் வட்டி ஏறிப்போச்சு. வாற மாதத்திலிருந்து நூறு டொலர் கூட்டித் தாங்கோ." "சரி அண்ணை."

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் எங்கள் ஆட்களின் வீடுகளில் வாடகை பல நேரம் இப்படித்தான் கூடுகிறது. ஒன்ராறியோ சட்டப்படி இந்த உயர்வு செல்லாது. ஆனால் வாடகைக்கு இருப்பவர் பேசாமல் கட்டிக்கொண்டே வந்தால், ஒரு வருடத்தில் அதுவே சட்டப்படியான வாடகை ஆகிவிடும். அதனால்தான் இன்று இதைப் பேசுகிறேன்.

இங்குள்ள குடியிருப்பு வாடகைச் சட்டம் 2006இல் இயற்றப்பட்டு 2007 ஜனவரி 31இல் நடைமுறைக்கு வந்தது. வாடகையைக் கூட்டுவதற்கு அது மூன்று நிபந்தனைகளை விதிக்கிறது.

முதலாவது, குடிவந்து அல்லது கடைசியாகக் கூட்டி 12 மாதம் ஆகியிருக்க வேண்டும்.

இரண்டாவது, 90 நாட்களுக்கு முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். அதற்கான படிவம் என் 1. வாய்ச்சொல் போதாது. ஒக்ரோபர் 1 முதல் கூட்டுவதானால் ஜூன் முடிவதற்குள் கையிற் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, அரசு அறிவிக்கும் வீதத்துக்கு மேல் கூட்டக்கூடாது. விலைவாசியைப் பார்த்து ஆண்டுதோறும் இதை நிர்ணயிப்பார்கள். எவ்வளவு விலைவாசி ஏறினாலும் 2.5 வீதத்தைத் தாண்டாது. 2025க்கு 2.5 வீதம், 2026க்கு 2.1 வீதம். 1,800 டொலர் வாடகைக்கு 2026இல் 37 டொலர் 80 சதம்தான் கூட்டலாம். நூறு டொலர் அல்ல.

விதிவிலக்கும் உண்டு. 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறிய புதிய கட்டிடங்களுக்கு இந்த வீத எல்லை கிடையாது. பழைய வீட்டில் புதிதாகக் கட்டிய சில பேஸ்மன்ட்டுகளும் இதில் அடங்கலாம். ஆனால் 12 மாதமும் 90 நாளும் அவற்றுக்கும் உண்டு. படிவம் மட்டும் என் 2. வீட்டுக்காரருடன் சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்துகொள்பவருக்கு இந்தச் சட்டமே பொருந்தாது. நகரசபை அனுமதி இல்லாத பேஸ்மன்ட்டுக்கோ பொருந்தும். "அனுமதியில்லாத இடம், சட்டம் பேசாதே" என்று யாரும் மிரட்ட முடியாது.

வீட்டுக்காரர்களுக்கு இரண்டு வார்த்தை. மூன்று வருடம் கூட்டாமல் இருந்தேன், இப்போது மூன்றையும் சேர்த்துக் கூட்டுகிறேன் என்றால் நடக்காது. தவறவிட்ட வருடம் தவறவிட்டதுதான். ஆகவே உங்களுக்குத் தேவையென்றால் ஒவ்வொரு வருடமும் நேரத்துக்குப் படிவத்தைக் கொடுங்கள். இருப்பவர் தானாக விலகிப்போய்ப் புதியவர் வந்தால், தொடக்க வாடகையை இருவரும் பேசித் தீர்மானிக்கலாம். அதற்கு எல்லை இல்லை. கடைசி மாத வாடகையை முற்பணமாக வாங்கியிருந்தால் அதற்கு வருடாவருடம் அதே வீதத்தில் வட்டி கொடுக்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். அதேவேளை, வாடகை கூடியபின் அந்த முற்பணத்தில் குறையும் தொகையைக் கேட்டு வாங்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

வாடகைக்கு இருப்பவர்களே, முறை தவறிக் கூட்டினால் முதலில் மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். தெரியாமல் செய்தவர்களே அதிகம். சரிவராவிட்டால் லான்ட்லோட் அன்ட் ரெனன்ற் போட் என்ற தீர்ப்பாயத்துக்கு ரி 1 படிவத்தில் விண்ணப்பித்து, கூடுதலாகக் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கூட்டிய வாடகையை முதலில் கேட்ட நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். காசாகக் கட்டுபவர்கள் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். கேட்டால் இலவசமாகத் தர வேண்டியது வீட்டுக்காரரின் கடமை. சீட்டு இல்லாமல் போட்டில் கணக்குக் காட்டுவது சிரமம்.

ஊரவர், உறவினர் என்ற நெருக்கத்தில் எழுத்தில் கேட்க நாம் கூச்சப்படுகிறோம். கணக்குப் பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: உறவு முறிவது பெரும்பாலும் எழுதாத கணக்கால்தான். ஒரு தாள் இருபக்கத்தையும் காப்பாற்றும்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.