புழுங்கலரிசி சொன்ன பதில்



1900-ஐ ஒட்டிய ஆண்டுகள். மலாயாவின் வெள்ளீயச் சுரங்கங்களில் வேலை பார்த்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி என்ற நோயால் கூட்டங்கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், சிலருக்கு உடம்பு வீங்கி இதயமே நின்றுவிடும். அதே மலாயாவில் தோட்ட வேலைக்குப் போயிருந்த தமிழர்களிடம் இந்த நோய் அபூர்வமாகவே தென்பட்டது.

இந்த நோய் ஏன் வருகிறது? மருத்துவர்கள் எல்லோரும் இப்படித்தான் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அது கடலைப் போல அகலமானது. கிருமி என்றார் ஒருவர், ஈரத்தரை என்றார் இன்னொருவர். எந்தப் பதிலைச் சொன்னாலும் அது தப்பென்று காட்ட அந்தக் கேள்விக்குள் வழி இல்லை.

மலாயாவின் நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் என்ற ஆங்கிலேயர் தட்டில் இருந்த சோற்றைப் பார்த்தார். சீனர்கள் உண்டது தவிடு போகத் தீட்டிய சயாம் பச்சரிசி. தமிழர்கள் உண்டது இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த புழுங்கலரிசி. நோய்க்குக் காரணம் அரிசிதான் என்று அவர் வாதிட்டார். கூர்மையான பார்வை, ஆனாலும் அது சோதனை ஆகாது. இரு சாராருக்கும் அரிசி மட்டுமா வேறு? வேலை வேறு, குடியிருப்பு வேறு, மற்றச் சாப்பாடும் வேறு.

1905-இல் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் பெரிபெரி பரவியது. அங்கிருந்த மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர் கேள்வியைச் சுருக்கினார். ஒரே இடத்தில், ஒரே கவனிப்பில் இருப்பவர்களுக்கு அரிசியை மட்டும் மாற்றிக் கொடுத்தால் நோய் குறையுமா, குறையாதா?

நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் கிழக்குக் கட்டடத்துக்குப் போனார்கள், அவர்களுக்குப் பழைய சயாம் அரிசி. இரட்டைப்படை எண் வந்தவர்கள் மேற்குக் கட்டடத்துக்கு, அவர்களுக்குப் புழுங்கலரிசி. திடமானவர், மெலிந்தவர் என்று பார்த்துப் பிரித்திருந்தால் அவருடைய விருப்பமே முடிவுக்குள் புகுந்திருக்கும். எண் அதற்கு இடம் தரவில்லை.

நோய் கட்டடத்தில் ஒட்டியிருந்தால் என்ன செய்வது? இதையும் அவர் நினைத்துப் பார்த்தார். சில மாதங்கள் கழித்து இரு பிரிவினரையும் கட்டடம் மாற்றிக் குடிவைத்தார். அவரவர் அரிசி அவரவரோடு போனது. எனக்குப் பெரிதும் பிடித்த இடம் இதுதான். தம் சோதனைக்கு எதிராக வரக்கூடிய வாதத்தைத் தாமே தேடிப்போய் அதற்கும் சோதனை வைத்தார்.

பச்சரிசி உண்டவர்களில் ஏராளமானோர் நோயில் விழுந்தார்கள், பலர் இறந்தார்கள். புழுங்கலரிசி உண்டவர்களில் நோய் கண்டவர்கள் 2 பேர்தான். அந்த இருவரும் மருத்துவமனைக்கு வந்தபோதே நோயோடு வந்தவர்கள்.

சம்மதம் சொல்லவோ மறுக்கவோ இயலாத மனிதர்கள்மேல் நடந்த சோதனை இது. இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது, தரவும் கூடாது. அந்த உயிர்களை மறந்துவிட்டு இந்த வெற்றியைப் பேசுவது முறையல்ல.

கேள்வியை மாற்றியதால் பதில் துலங்கிய கதை ஜாவாவிலும் உண்டு. தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகளுக்குப் பெரிபெரி போன்ற வாதம் வருவதை அங்கே எய்க்மன் என்ற மருத்துவர் கண்டிருந்தார். வெள்ளைச் சோற்றில் ஏதோ நஞ்சு இருக்கிறது, தவிடு அதை முறிக்கிறது என்று அவர் எண்ணினார். அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ் வேறு விதமாகக் கேட்டார்: கெடுதலான ஒன்று கூடியிருக்கிறதா, வேண்டிய ஒன்று குறைந்திருக்கிறதா? குறைந்திருக்கிறது என்ற முடிவுக்கு 1901-இல் வந்தார். அந்தப் பொருளை 1926-இல் யான்சன், டோனத் என்ற இரு ஆய்வாளர்கள் தவிட்டிலிருந்து பிரித்தெடுத்தார்கள். இன்று நாம் பி1 என்று சொல்லும் வைட்டமின் அது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் பி1-இல் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதனால்தான் தீட்டிய பிறகும் புழுங்கலரிசி காப்பாற்றியது.

சோதித்துப் பார்க்கக்கூடிய கேள்வியைக் கேட்கும் இந்தப் பழக்கத்தை வீட்டிலேயே தொடங்கலாம். பிள்ளைகள் கேள்வி கேட்கும்போது உடனே பதில் சொல்லிவிட வேண்டாம். "நீ என்ன நினைக்கிறாய்? எதைக் கண்ணால் பார்த்தால் நீ நினைத்தது தப்பு என்று ஒத்துக்கொள்வாய்?" என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை, முடிந்தால், அன்றைக்கே அவர்களோடு சேர்ந்து செய்து பாருங்கள்.