கடலுக்கு வேலி கிடையாது



சந்தையில் சியாக்காப் வாங்குபவர்கள் கண் தெளிவாக உள்ளதா, செவுள் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த மீன் கூண்டில் இருந்த காலத்தில் எந்த நோயைத் தாண்டி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. மனிதருக்குச் சளிக்காய்ச்சல் வருவதுபோல் மீனுக்கும் வைரஸ் கிருமிகளால் நோய் வருகிறது.

சியாக்காப், கெராப்பு குஞ்சுகளுக்குப் பெரிய எதிரி நோடா வைரஸ். இது மூளையையும் கண்ணின் விழித்திரையையும் தாக்கும். குஞ்சுகள் இரை எடுக்காமல் சுற்றிச் சுற்றி நீந்தும். சில நாட்களில் தொட்டியே காலியாகிவிடும். பார்வைக்கு ஆரோக்கியமாகத் தெரியும் தாய்மீனிடமிருந்து முட்டை வழியாகவும் இக்கிருமி குஞ்சுக்குப் போகக்கூடும்.

இன்னொன்று செதில் உதிரும் நோய். 1992-ல் பினாங்கில் வளர்க்கப்பட்ட சியாக்காப் மீன்களில்தான் இது முதலில் பதிவானது. பின்னர் சிங்கப்பூரிலும் தலைகாட்டியது. இதற்குக் காரணம் ஒரு வைரஸ் என்பது 2015-ல்தான் ஆய்வில் வெளிவந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக, பெயர் தெரியாத எதிரியோடு வளர்ப்பாளர்கள் போராடியிருக்கிறார்கள்.

வளர்ப்பு மீனுக்குத்தானே இந்தத் தொல்லை என்று நினைக்க வேண்டாம். 1995 மார்ச் மாதம் தென் ஆஸ்திரேலியக் கடலில் மத்தி மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்தன. ஒரு ஹெர்பீஸ் வகை வைரஸ் செவுள்களைக் கெடுத்ததால், தண்ணீருக்குள்ளேயே அவை மூச்சுத் திணறி மாண்டன. சில மாதங்களில் ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர் கடற்கரைக்கு நோய் பரவியது. 1998-ல் மீண்டும் வந்தபோது, தென் ஆஸ்திரேலியாவில் முட்டையிடும் மத்திகளில் சுமார் 70 விழுக்காடு அழிந்தன. மத்தி குறைந்ததும் அதை நம்பியிருந்த கடற்பறவைகளும் சிறு பென்குவின்களும் பட்டினி கிடந்தன.

அந்த வட்டாரத்தில் கூண்டில் வளர்க்கப்படும் சூரை மீன்களுக்கு, வெளிநாட்டிலிருந்து வந்த உறைந்த மத்தி இரையாகப் போடப்பட்டது. கிருமி அதில் வந்திருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. அது நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் பாடம் தெளிவானது. கூண்டுக்கு வலை உண்டு. அந்த வலையால் கிருமியைத் தடுக்க முடியாது. கூண்டிலிருந்து கடலுக்கும், கடலிலிருந்து கூண்டுக்கும் அது தண்ணீரோடு போய்வரும்.

இந்த மீன் வைரஸ்கள் மனிதரைத் தாக்குவதாக அறியப்படவில்லை. ஆகவே மீன் சாப்பிட அஞ்ச வேண்டாம். ஆபத்து வளர்ப்பாளரின் பிழைப்புக்குத்தான். கடன் வாங்கிக் குஞ்சு விட்டவருக்கு, ஒரே வாரத்தில் முதலே போய்விடும்.

வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் மருந்து வேலை செய்யாது. வருமுன் காப்பதே வழி. பரிசோதித்த குஞ்சுகளையே வாங்க வேண்டும். செத்த மீனைக் கடலில் வீசாமல், அன்றாடம் பொறுக்கிக் கரையில் புதைக்க வேண்டும். ஒரு கூண்டின் வலையைக் கழுவிக் காயவைக்காமல் மறு கூண்டில் பயன்படுத்தக் கூடாது. பச்சைக் கழிவு மீனுக்குப் பதில் தயாரித்த தீவனம் நல்லது. சில நோய்களுக்குத் தடுப்பூசியும் உண்டு. ஜப்பானில் 1999 முதல் இரிடோ வைரஸ் தடுப்பூசி விற்பனையில் உள்ளது.

தூண்டில் போடுபவர்களுக்கும் பங்கு உண்டு. இறக்குமதியான உறைந்த மீனை இரையாகக் கடலில் போடாதீர்கள். உறைந்தாலும் கிருமி சாகாமல் இருக்கக்கூடும்.

வீட்டுக்கு வேலி போடலாம், தோட்டத்துக்கு வேலி போடலாம். கடலுக்குப் போட முடியாது. அங்கே நம் கவனம் ஒன்றுதான் காவல்.